டேப் ஒட்டி வைத்த டப்பா

எங்கள் வீட்டு பீரோ மேல் வருடக்கணக்காக ஒரு வெள்ளை ஊறுகாய் டப்பா இருந்தது. அரைக்கிலோ பிடிக்கும். மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்டி, உள்ளே ஒன்றுமே போடாமல் வைத்திருந்தேன். என் மகள் கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல, தொடாத" என்பதோடு வாயை மூடிக்கொள்வேன். இதைவிடக் கிறுக்குத்தனமான பழக்கம் ஒன்றும் எனக்கு உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் அடுப்படியில் நுழைந்து, உப்பு டப்பா, புளி டப்பா எல்லாவற்றையும் தூக்கி அடிப்பாகத்தைப் பார்ப்பேன். நகத்தால் கீறியது போல ஒரு கோடு இருக்கிறதா என்று. இருந்தால் அந்த வீட்டில் காப்பி இறங்காது.

எங்கள் தீவில் கராச்சர்மா என்ற ஊருக்கு அப்பால் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்து இறங்கும் பிளாஸ்டிக் திரும்பிப் போவதில்லை. கரையிலும் ஓடையிலும்தான் கிடக்கும். பழைய சமையலெண்ணெய்க் கேன்களையும் பால் கேன்களையும் கழுவி, அரைத்து, உருக்கி மறுபடி ஊறுகாய் டப்பாவாக்குவது எங்கள் வேலை. நல்ல காரியம் என்று ஊரே சொன்னது. எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். ஆனால் சாப்பாட்டுச் சாமான் இருந்த கேன் மட்டும்தான் உள்ளே வரலாம். மற்றதெல்லாம் வாளிக்கும் பூந்தொட்டிக்கும் போக வேண்டும். அரைத்துவிட்டால் எண்ணெய்க் கேனும் பாக்குத் தோட்டத்துப் பூச்சிமருந்துக் கேனும் ஒரே வெள்ளைச் சில்லு, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மெயின்லேண்டுக்குச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர வாரக்கணக்காகும். அதுவரை எங்களுக்கு இருந்த ஒரே காவல் சூப்பர்வைசர் அண்ணனின் மூக்கு.

அண்ணன் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு கைப்பிடிச் சில்லை எவர்சில்வர் டிபன் டப்பாவில் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடிவைப்பார். கொஞ்ச நேரம் கழித்து மூடியை ஒரு விரல் அளவு திறந்து, கண்ணை மூடி மோந்து பார்ப்பார். அதற்காகவே தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார், பீடியை விட்டுவிட்டார். சந்தேகம் வந்தால் லாட் மொத்தமும் வாளிக்குப் போய்விடும், முதலாளி தலைகீழாக நின்றாலும் அசைய மாட்டார். "இது சோத்துக்குப் போற சாமான் தங்கச்சி, வெளையாட்டில்ல" என்பார்.

கொரோனா வந்து போனபின் ஒருநாள் மதியம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருடைய பருப்பு ஊசிப்போய் எனக்குக் குமட்டியது. மனுஷன் பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் கை அப்படியே நின்றுவிட்டது. "ரெண்டு மாசமா ஒண்ணுமே தெரியல தங்கச்சி" என்றார். அந்த ரெண்டு மாதமும் டிபனை மோந்து "டீக் ஹை, சரியா இருக்கு, ஓட்டு" என்று சொன்னவர் அவர்தான். எத்தனை டப்பா வெளியே போயிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அதோடு பாவமாகவும் இருந்தது. மூக்கு போனது வெளியே தெரிந்தால் வேலையும் போய்விடும். அன்றிலிருந்து முதலில் நான் மோந்து பார்ப்பேன். நல்லதென்றால் தலையாட்டுவேன். பிறகு அவர் எல்லார் முன்னாலும் மோந்து சொல்வார்.

மழைக்காலத்தில் எனக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. ஹேவ்லாக் தீவுக்குப் போகும் போட்டுக்கு டப்பாக்களை ஏற்றியாக வேண்டும் என்று முதலாளி பக்கத்தில் நின்று "ஜல்தி, ஜல்தி" என்று பறந்தார். டிபன் என் முன்னால் இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால், "நீ எதுக்கு மோந்து பாக்குற?" என்று கேள்வி வரும். அண்ணன் என் முகத்தையே பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்த லாட் ஓடியபோது அச்சில் ஒரு விரிசல். அதனால்தான் டப்பா அடியில் அந்தக் கோடு. சளி விட்டபிறகு, மாதிரிக்கு எடுத்துவைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். மாதாவே! மருந்தடித்த பாக்குத் தோட்டத்துக்குள் நின்றது போல முகத்தில் அடித்தது. அண்ணனை இழுத்து வந்து சொன்னேன். டப்பாவை வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தார். "போட் போயிருச்சே" என்றார். பிறகு, "நான் போயி மொதலாளிகிட்ட சொல்லிர்றேன். என் மூக்கு போனதையும் சேத்துச் சொல்லிர்றேன். டப்பாவத் திருப்பி எடுக்கட்டும்" என்றார்.

அவர் கையைப் பிடித்துத் தடுத்தவள் நான். "வேண்டாம்ணே, ரெண்டு பேர் வேலையும் போயிரும். ஊறுகாயப் போட்டா இந்த வாடை தெரியவா போகுது? ஒண்ணும் ஆவாது" என்றேன். அவர் என் பேச்சைக் கேட்டுக்கொண்டார். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நான் சொன்னபடியே யாரும் புகார் சொல்லவில்லை. மிளகாயும் நல்லெண்ணெயும் அந்த வாடையை அமுக்கிவிட்டிருக்கும். ஊறுகாய் தீர்ந்ததும் நம் பெண்கள் டப்பாவைத் தூர எறிவார்களா? கழுவிப் புளி போட்டு வைத்திருப்பார்கள். அந்த மாதிரி டப்பாவை மட்டும் நான் டேப் ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அண்ணன் சில மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். கடைசியாக அபர்டீன் பஜாரில் கருவாட்டுக் கடை ஓரம் பார்த்தேன். "இன்னும் வரல தங்கச்சி" என்றார். எது என்று நான் கேட்கவில்லை.

மகள் இப்போது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் சூட்கேஸை பீரோ மேல் ஏற்றியதிலிருந்து டப்பா கண்ணில் படவில்லை, பின்னால் இருக்கும் என்று இருந்துவிட்டேன். நேற்று அவள் கட்டிலில் சாய்ந்து உப்பு நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தாள். மடியில் வெள்ளை டப்பா. பிடுங்கித் தூக்கி அடியைப் பார்த்தேன். கோடு இருந்தது.

"நல்ல டப்பாவ எதுக்கும்மா சும்மா வச்சிருக்க? நல்லாக் கழுவித்தான் போட்டேன், ஒரு வாடையும் இல்ல. வேணும்னா மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். நெல்லிக்காய் வாசம் மட்டும்தான் வந்தது. அண்ணன் அன்று பார்த்தது போலவே அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை நான் தலையாட்டவில்லை.

"எப்பலேருந்து இதுல போட்டுச் சாப்பிடுற?" என்று கேட்டேன்.

"வந்த நாள்லேருந்துதாம்மா."