அத்தை வேலைக்குத் திரும்பிய நாள்

அருங்காட்சியகப் பெஞ்சில் அத்தையின் கைப்பை மட்டும் இருந்தது. நான் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள் அத்தை எழுந்து போய்விட்டார். மேலே கைக்குட்டை மடித்து வைக்கப்பட்டிருந்த அந்தப் பை இன்றும் கண்முன் நிற்கிறது.

அத்தை என் கணவரின் தாயார். சிங்கப்பூரிலேயே பிறந்தவர், இளம் வயதில் ஜூரோங்கில் வானொலிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தஞ்சாவூரிலிருந்து மருமகளாக நான் ஈசூன் வீட்டுக்கு வந்த நாள் முதல், வருகிறவர்களிடம் என்னை "ஊர்லேர்ந்து வந்தவ" என்றுதான் சொல்வார். நான் சமைத்ததைச் சாப்பிடுவார். ஆனால் நான் உட்கார்ந்திருக்கும் சோபாவில் வந்து உட்கார மாட்டார். மறதி நோய் வந்த பிறகும் அந்த இடைவெளி மட்டும் அவருக்கு மறக்கவில்லை. ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் பேருந்து ஏறிப்போய் தீவின் மறுகோடியில் பிடோக்கில் கண்டுபிடிக்கப்பட்டார். அதற்குப் பிறகு நான் குளிக்கும்போதுகூடக் குளியலறைக் கதவைத் தாழிட்டதில்லை.

பழைய நாட்களைக் காட்டினால் கொஞ்சம் பேசுவார் என்று பராமரிப்பு நிலையத்தில் சொன்னார்கள். நகரம் தொழில் நகரமாக வளர்ந்த கதையைச் சொல்லும் கூடங்கள் அந்த அருங்காட்சியகத்தில் இருந்தன. கணவருக்கு விருப்பமில்லை. "கூட்டமா இருக்கும். தனியா உன்னால சமாளிக்க முடியாது, வேணாம்" என்றார். அதையும் மீறித்தான் அழைத்துப் போயிருந்தேன்.

துறைமுகக் கூடத்தில் தேடினேன். மூட்டை சுமக்கும் ஆட்களின் படங்களுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கப்பல் பட்டறைக் கூடம் இருட்டாக இருந்தது. இரும்பு அடிக்கும் ஓசை ஒலிபெருக்கியில் ஓயாமல் கேட்டது. நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. வெளிவாசல் தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் பெரிய சாலை. கணவரிடம் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன். அவர் வேண்டாம் என்றது நினைவுக்கு வர, மறுபடி பைக்குள் போட்டேன்.

காவலுக்கு நின்ற மலாய்க்காரரிடம் அடையாளம் சொன்னேன். அவர் வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டே என்னுடன் நடந்தார். பழைய தொழிற்சாலைகளைக் காட்டும் கடைசிக் கூடத்தில், தடுப்புக் கயிற்றுக்கு அந்தப்பக்கம், காட்சிக்கு வைத்திருந்த நீண்ட வேலை மேசை முன்னால் இருந்த பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக இருந்தது. வெறும் மேசையில் கண்ணுக்குத் தெரியாத எதையோ விரல்கள் எடுப்பதும் பொருத்துவதுமாக இருந்தன.

காவலர் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் உள்ளே போனேன்.

"அத்தை, வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

"சத்தம் போடாத, சூப்பர்வைசர் பாப்பாரு" என்றார். பிறகு என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "புதுசா? எந்த ஊரு?"

"தஞ்சாவூர்."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா? தனியாவா வந்தே?"

ஆம் என்று தலையாட்டினேன்.

"ஏன் இப்படி முழிக்கிறே? பயப்படாத லா. எல்லாருக்கும் மொத நாள் அப்படித்தான். என் பக்கத்துல உக்காரு."

நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். அவர் தோள் என் தோளில் உரசியது. கயிற்றுக்கு அப்பால் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுத்தால் கத்துவார் என்று தெரியும், வீட்டில் கத்தியிருக்கிறார். எழுந்து போகலாம் என்றால், "பெல் அடிக்காம எப்படி?" என்று கேட்டார். காவலரைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பழைய ஓசைகளைப் பார்வையாளர்கள் கேட்பதற்காகச் சுவரில் வைத்திருந்த பொத்தான்களில் ஒன்றை அழுத்தினார். பழைய ஆலைச் சங்கு ஊதியது. அத்தை உடனே எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, "வா, பஸ்ஸை விட்டுடப் போறோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரயிலில் வீடு வரும்வரை அந்தப் பிடியை விடவே இல்லை. எந்த நொடியில் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையை உதறுவாரோ என்று ஒவ்வொரு நிலையத்திலும் பயந்துகொண்டே வந்தேன். வாசலில் கணவர் காத்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை என்னை முன்னால் தள்ளி நிறுத்தினார்.

"புதுப் பொண்ணு, பாவம், இங்க யாரும் இல்ல அவளுக்கு. ஏன் நிக்கிறே? மொதல்ல அவளுக்குச் சோத்தப் போடு."