சித்திக்குக் கிடைத்த இரண்டு மணி நேரம்

என் சித்தி அப்போது கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்தாள். பேச்சு வராத பிள்ளைகளுக்கும் திக்கிப் பேசுகிற பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்கிற வேலை. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கென்று பயிற்சி எதுவும் இல்லாததால், படங்களையும் சொற்களையும் வைத்துத் தானே ஒன்றை உருவாக்கியிருந்தாள். நாலு வயதுவரை வாய் திறக்காத ஒரு பையன் அவள் காட்டிய படத்தைப் பார்த்து “நாய்” என்று சொன்னபோது, வீட்டுக்கு வந்து அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அது ஒப்பந்த வேலை. அந்த வருடத்தோடு முடிகிறது. துறைப் பெரியவர் யாராவது அவளைத் தம்மிடம் மேல்படிப்புக்குச் சேர்த்துக்கொண்டால்தான் அந்தத் துறையிலேயே இருக்க முடியும்.

அப்படிப்பட்ட ஒருவர் கோலாலம்பூரில் வருடாவருடம் நடக்கும் பேச்சுப் பயிற்சித் துறை மாநாட்டுக்கு வருவதாகச் செய்தி கொண்டுவந்தவர் என் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன். மாநாட்டுக் குழுவில், புதிதாக வருகிறவர்களைத் துறைப் பெரியவர்களுக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பு அவருடையது. அந்தப் பொறுப்புக்கென்றே பிறந்தவர். கல்யாண வீடுகளில், முப்பது வருடமாகப் பழகிய இரண்டு பேரைக்கூடப் பிடித்து ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்திவிடுவார். “நீ வா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்று சித்தியிடம் சொல்லிவிட்டார்.

பள்ளி விடுமுறை என்பதால் அம்மா என்னையும் கூட அனுப்பினாள். எனக்குப் பத்து வயது. கொமுட்டர் ரயிலில் சித்தி, பேசவேண்டியதை ஆங்கிலத்தில் என்னிடமே பேசிப் பார்த்துக்கொண்டு வந்தாள். “ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும் லா. அதுக்குள்ள சொல்லிடணும்” என்றாள். ஷா ஆலாம் ஸ்டேஷன் வருவதற்குள் எனக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து ஹோட்டலில்தான் மாநாடு. புதியவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள மஞ்சள் ரிப்பன் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சித்தி தன் பயிற்சியைப் படங்களோடு விளக்கும் போஸ்டரைக் கூடத்தில் ஒரு பலகையில் ஒட்டினாள். பெரியப்பா சொன்ன பெரியவர் ஒரு பேராசிரியை, சென்னைக்காரர். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர். மதியச் சாப்பாட்டுக்குப் புதியவர்களும் பெரியவர்களும் ஒரே மேசையில் உட்காருவார்கள் என்று ஏற்பாடு. பேராசிரியையின் பக்கத்து நாற்காலியில் பெரியப்பா தன் நண்பரின் மகளை உட்காரவைத்தார். எங்களுக்குக் கதவோரத்து மேசையில்தான் இடம் கிடைத்தது. சித்தி சோற்றைத் தொடவே இல்லை.

சாப்பாடு முடிகிற நேரத்தில் பெரியப்பா வேகமாக வந்தார். “வா வா, உன் நேரம் வந்தாச்சு. மேடத்துக்குப் புடவை வாங்கணுமாம். உனக்குத்தான் இங்க கடையெல்லாம் தெரியுமே, கூட்டிட்டுப் போ.”

“அத்தான், இப்ப நான் என் போஸ்டர்கிட்ட நிக்கணும். மார்க் போட வராங்க.”

“போஸ்டர் எங்கயும் ஓடிடாது. இங்க பேசினா ரெண்டு நிமிஷம். கடைக்குப் போனா ரெண்டு மணி நேரம் லா! யாருக்குக் கிடைக்கும்?”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

பேராசிரியை நல்ல மனுஷி. எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். சாலையைக் கடக்கும்போது பயந்துபோய்ச் சித்தியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில் அவர் கண்ணாடி முன்னால் ஒரு புடவையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சித்தி தன் பேச்சை ஆரம்பித்தாள். ரயிலில் பேசியதைவிட வேகமாகப் பேசினாள். பேராசிரியை கண்ணாடியைப் பார்த்தபடியே தலையாட்டினார். பாதியில், “ரொம்ப இன்ட்ரஸ்டிங்மா. இந்தக் கலர் என்னை வயசானவளா காட்டுதோ?” என்று கேட்டார்.

சித்தி புடவை அடுக்குகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “அந்தப் பச்சையைப் பாருங்க மேடம், எடுப்பா இருக்கும்” என்றாள்.

பச்சையைத்தான் வாங்கினார். பைகளைச் சித்தி சுமந்துகொண்டு வந்தாள். நாங்கள் திரும்பியபோது போஸ்டர்கள் இருந்த கூடத்தில் வேலைக்காரர்கள் பலகைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சித்தியின் போஸ்டர் சுருட்டப்பட்டுச் சுவரோரம் கிடந்தது. மார்க் போட வந்தவர்கள் ஆளில்லை என்று அடுத்ததற்குப் போய்விட்டார்களாம். அதற்குள் மேடைக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் நண்பர் மகளோடு பேராசிரியை படம் எடுத்துக்கொண்டிருந்தார். மறுவருடம் அந்தப் பெண் அவரிடமே படிக்கப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “பேசினியா?” என்று கேட்டாள்.

“பேசினேன்கா. நல்லா கேட்டாங்க.”

மிச்சத்தை நான் சொன்னேன்: ஐஸ்கிரீம், பச்சைப் புடவை, அவ்வளவு பெரியவர் சித்தியின் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. அந்த நேரத்தில் பெரியப்பாவும் போனில் கூப்பிட்டார். அவர் குரல் கூடம்வரை கேட்டது: “பாத்தியா, சொன்ன மாதிரி செஞ்சேனா இல்லையா?” சித்தி சிரித்த முகத்தோடு, “ரொம்ப தேங்க்ஸ் அத்தான்” என்றாள்.

ஒப்பந்தம் முடிந்தபின் சித்தி ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் சேர்ந்தாள். நாளெல்லாம் போன் எடுத்துப் பேசுகிற வேலை. மறுவருடம் மாநாடு வந்தபோது என்னைக் கூட்டிப்போகும்படி நச்சரித்தேன். “லீவு தர மாட்டாங்கடி” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். பள்ளியில் என் தோழிகள் எல்லோருக்கும் அந்தக் கதையை நான் சொல்லியிருந்தேன். அப்பேர்ப்பட்ட மனுஷியோடு கைகோத்து நடந்தவள், ஒருமுறைகூட அதை வாய்திறந்து பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லையே என்று எனக்குச் சித்தி மேல்தான் கோபம் வந்தது.