சாட்சி வேண்டியதில்லை

சைக்ளோஸ்டைல் இயந்திரத்திலிருந்து வெளிவந்த தாளை, மை காயும் முன்பே இரு கைகளாலும் ஓரம் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் நின்றபடி ஒருவர் வாசிக்கிறார். உதடுகள் மெல்ல அசைகின்றன. எழுபதுகளின் இறுதியில், புதுச்சேரியில் வணிகர்களுக்கான வக்கீல் அலுவலகம் ஒன்றில் நான் தட்டச்சராக இருந்த காலத்தை எப்போது நினைத்தாலும் முதலில் தோன்றுவது இந்தக் காட்சிதான். அவர் அங்கே பியூன். எங்களுக்கு, பியூன் ஐயா.

மாதந்தோறும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சட்டச் சுற்றறிக்கை போகும். கூட்டு வியாபாரம், குத்தகை, வாரிசுரிமை ஆகியவற்றில் சட்டம் எப்படி மாறியிருக்கிறது, யார் என்ன எழுதிவைக்க வேண்டும் என்பதையெல்லாம் பெரிய வக்கீல் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு நான் ஸ்டென்சிலில் அடிப்பேன். பியூன் ஐயா அதை மடித்து உறையிலிட்டு, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து வருவார். பெற்றவர்களில் பலர் உறையைப் பிரித்ததுகூட இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. முதல் எழுத்திலிருந்து கடைசி வரை வாசித்தவர், வாசித்ததை அப்படியே நம்பியவர், அதைச் சுமந்து சென்ற இவர் ஒருவர்தான்.

“இன்னா பெரியவரே, பரீட்சை என்னிக்கு?” என்று குமாஸ்தா சீண்டுவார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில், குமாஸ்தாவை ‘முசியே’ என்றுதான் அழைப்பார் பியூன் ஐயா.

“சேதி இன்னான்னு தெரியாம அடுத்தவன் கதவத் தட்டலாமா முசியே? எழவு சேதியா இருந்தா, மூஞ்ச சிரிச்சாப்பல வெச்சிக்கினு நிக்கக் கூடாது பாரு.”

மில் வேலை போனபின் எங்களிடம் வந்து சேர்ந்தவர் அவர். மூலக்குளத்தில் இரண்டு அறையுள்ள ஓட்டு வீடு, தம் உழைப்பில் கட்டியது. பிள்ளை இல்லை. பிரசவத்தில் இறந்துபோன பக்கத்து வீட்டுக்காரியின் பெண் குழந்தையை அவரும் மனைவியும் எடுத்து வளர்த்தார்கள். தத்து என்று சடங்கு எதுவும் நடக்கவில்லை. வளர்க்கிற பாட்டில் அது யாருக்குத் தோன்றும்? மனைவி படுக்கையில் கிடந்த மூன்று ஆண்டுகளும் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் அந்தப் பெண்தான். மனைவி போனபின், வில்லியனூர்ப் பக்கமிருந்து அண்ணன் பிள்ளைகள் அடிக்கடி வரத் தொடங்கினார்கள். வந்தால் தம்மைப் பார்ப்பதில்லை, சுவரைத்தான் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்தச் சமயத்தில் போன சுற்றறிக்கைகளில் ஒன்று உயிலைப் பற்றியது. எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே குலவழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பத்தினர், உயிலை முழுக்கத் தம் கையால் எழுதித் தேதியும் கையொப்பமும் இட்டால் போதும்; சாட்சி வேண்டியதில்லை. மற்றவர்களின் உயிலில் இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டாக வேண்டும். அந்த அறிக்கை முதல் வகையினருக்கு மட்டுமே உரியது. அதைச் சொல்லும் தலைப்பு வரி ஸ்டென்சிலில் அடங்கவில்லை. இன்னொரு தாளை வீணாக்குவானேன் என்று, குமாஸ்தா முன்பே உறையில் வைத்துவிடும் உடன்கடிதத்துக்கு அதை நானே மாற்றினேன். மிஞ்சிய தாள்களோடு கடிதம் இல்லை. அவற்றில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து என் மேசையருகே வந்து நின்றார்.

“ஏம்மா, ஒருத்தரு தன் கையால எழுதிட்டா, சாட்சியே வாணாமா?”

“அதான் போட்டிருக்கே ஐயா, வேணாம்.” நான் தலை நிமிரவில்லை.

“நல்லதாப் போச்சு. ஊரக் கூட்ட வாணாம்.”

அந்த ஒருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை. தம்மைப் பற்றிப் பேசக் கூசுகிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மழைக்காலத்தில் அவர் இறந்தார். காரியம் முடிந்ததும் அவர் வளர்த்த பெண் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். பெரிய வக்கீல் இருமுறை வாசித்தார். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. வீடு யாருக்கு, ஏன் என்பது தெளிவாக இருந்தது. தேதியும் கையொப்பமும் இருந்தன. சுற்றறிக்கை சொன்ன எதையும் அவர் விடவில்லை.

“குறையே இல்லாத உயில்,” என்று வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “பிரெஞ்சுச் சட்டத்தை ஏத்த குடும்பத்துல பொறந்தவர் எழுதியிருந்தா.”

வழக்காடினோம், தோற்றோம். சட்டத்தின் கண்ணில் அவள் அவருக்கு யாருமில்லை. அண்ணன் பிள்ளைகள் வீட்டைப் பூட்டிய அன்று நானும் போயிருந்தேன்.

“தப்பா நெனச்சிக்காத தங்கச்சி, சட்டம் அப்படி,” என்றான் மூத்தவன்.

“வாயி தங்கச்சின்னுது, கை பூட்டப் போடுது. ரெண்டுல ஒண்ண நிறுத்துண்ணே,” என்று சொல்லிவிட்டு, தகரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள்.

பேருந்துக்கு நிற்கும்போது பெட்டியைக் கீழே இறக்கிவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா மேலயும் தப்பு இருக்குதுக்கா. வக்கீல் ஆபீசுலயே இருந்தவரு. உன்னாட்டம் படிச்சவங்க யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?”

“கேட்டிருக்கலாம்தான்,” என்றேன்.

இப்போது அவள் வீராம்பட்டினத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கிறாள், தலை நரைத்துவிட்டது. நான் போகும்போதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான் பேச்சு. அவரைப் போல ஒரு மனிதர் உண்டா என்பாள். அவர்மீது அவளுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான்: யாரையும் கேட்காமல் எழுதிவிட்டார்.