ஏகாம்பரம் டாக்டரை இன்டர்வியூ எடுத்த கதை

1

1991-இல் ஒரு மத்தியானம். தகடு அழுத்தும் இருநூறு டன் பிரஸ் மெஷின் பிரேக்டவுன் ஆகி நின்றது. அதைச் சரிசெய்ய வேண்டிய ஃபிட்டர் ஏகாம்பரம் பக்கத்திலேயே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். கர்ச்சீப்பில் சிவப்பு.

"இன்னாடா இது?" என்றேன்.

"வெத்தல பா."

ஏகாம்பரம் ஜென்மத்தில் வெற்றிலை போட்டதில்லை. பீடிதான்.

மண்ணூர் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் சார்ஜ்மேன், ரிப்பேர் ஆட்களுக்கு மேற்பார்வை. அவன் மணிமங்கலத்துக்காரன். பதினோரு வருஷம் ஒரே ஷிஃப்ட். அவனைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். எக்ஸ்ரே, ஸ்கேன், குழாய் விட்டுச் சதை எடுத்து டெஸ்ட். ரிசல்ட் வந்தபோது நம்ம ஏகாம்பரம் ஐயா டீ குடிக்கப் போயிருந்தார்.

டாக்டர் என்னிடமும் அவன் மனைவி சரோஜாவிடமும் சொன்னார். வலது நுரையீரலில் கேன்சர். கட்டி சின்னது, வேறு எங்கும் பரவினதாக ஸ்கேனில் தெரியவில்லை. ஆபரேஷன் செய்து எடுப்பதுதான் முதல் வழி, தள்ளிப்போடக் கூடாது.

சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அவருகிட்ட அந்தப் பேர மட்டும் சொல்லிடாதீங்க."

நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். திரும்பி வந்தவனிடம், "சளி கட்டியா உறைஞ்சி போச்சாம், ஆபரேஷன் பண்ணணுமாம்" என்றேன். என் சர்வீஸிலேயே நான் செய்த படுமட்டமான வேலை அதுதான்.

2

"சளிக்கு எவனாவது நெஞ்ச கிழிப்பானா? உனக்கு புத்தி கித்தி கீதா?"

அவன் கேட்டது நியாயம். நேராக வாலாஜாபாத் போய் யாரோ ஒருவரிடம் சூரணம் வாங்கிவந்துவிட்டான். நாற்பத்தெட்டு நாளில் சளி வேரோடு போய்விடும், கேரண்டியாம். மூன்று வாரம் தேனில் குழைத்து நக்கிக்கொண்டிருந்தான். ஆபரேஷனுக்கு வா என்றால் காரணம் கேட்பான். காரணம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

டிபார்ட்மென்ட் முழுக்க விஷயம் தெரியும், அவனைத் தவிர. அவன் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் கேன்டீன்காரர் கேட்காமலே அவன் தட்டில் இரண்டாவது வடை வைத்தார். அங்கே மாட்டினோம்.

"அந்த ஆளு சொந்த மச்சானுக்கே ரெண்டாவது வடை வெக்க மாட்டான். உண்மைய சொல்லு. எனக்கு இன்னா?"

சொன்னேன். கேன்சர் என்று அந்தப் பெயரோடு சொன்னேன். வடையை அப்படியே வைத்துவிட்டான்.

"மெஷின்ல இன்னா கோளாறுன்னு மறைச்சா நீ மெமோ குடுப்ப. என் நெஞ்சு கோளாற என்கிட்டயே மறைச்சியே, உனக்கு யார்டா மெமோ குடுக்கறது?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

3

மறுநாள் டாக்டர் முன்னால், பிரேக்டவுன் ஸ்லிப்பின் பின்பக்கம் எழுதிவந்த கேள்விகளோடு உட்கார்ந்தான். எங்கள் மெஷினைத் தொட வருகிற வெளி மெக்கானிக்கை இப்படித்தான் குடைவான்.

"இந்த மாதிரி எத்தினி பேர தொறந்துகிறீங்க சார்?"

"நிறைய பேர்."

"தொறந்துட்டு ஒண்ணும் பண்ணாம மூடினது?"

"அதுவும் உண்டு."

டாக்டர் சிரித்தார்.

"ஆபரேஷன் வோணாம்னா?"

"ரேடியேஷன் கொடுக்கலாம். கட்டியைச் சுருக்கும். ஆனா இப்ப உங்க நிலைமைக்கு, எடுத்துடறதுதான் நல்ல வாய்ப்பு."

"மருந்து ஏத்துவாங்களாமே?"

"உங்க வகைக் கட்டிக்கு அது முதல் வழி இல்லை."

"ஒரு துண்ட எடுத்துட்டா மீதிய வெச்சி ஓடுமா?"

"மூச்சு டெஸ்ட் பார்த்துட்டுதான் கத்தியை எடுப்பேன். பீடியை இன்னைக்கே விடணும்."

ஏகாம்பரம் என்னை முறைத்தான், போட்டுக்கொடுத்தது நான்தான் என்பதுபோல.

"கேரண்டி?"

"கிடையாது. திறந்து பார்த்தாதான் முழுசா தெரியும்."

போச்சு, எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் ஸ்லிப்பை மடித்துப் பையில் வைத்தான். "எப்ப சார் அட்மிட் ஆவணும்?"

வெளியே வந்து கேட்டேன், கேரண்டி இல்லை என்றவரிடமா சம்மதித்தாய் என்று.

"நான் மேனேஜர்கிட்ட தெனம் அதானேடா சொல்றேன், தொறந்து பாத்தாதான் தெரியும்னு. தொறக்காமலே கேரண்டி குடுத்தவன் எவனாவது மெஷின ஓட்டி காட்டிகிறானா?"

சூரணத்தைக் கொட்டிவிட்டு டப்பாவில் நட்டு போட்டு வைத்துக்கொண்டான்.

ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க எங்கள் ஷிஃப்டே வேனில் கிளம்பியது. பிரஸ்ஸை ஒற்றைக் கையால் உருட்டுவேன் என்று பீற்றிய ஆபரேட்டர் ஊசியைப் பார்த்து மயங்கிவிழ, நர்ஸம்மா அவருக்குக் கட்டில் தேடவேண்டியதாயிற்று.

4

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பத்து நாள் கழித்து லேப் ரிசல்ட். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, ஆனால் பக்கத்திலிருந்த நெறிக்கட்டி ஒன்றிலும் கொஞ்சம் கேன்சர் இருக்கிறது, ரேடியேஷனும் வேண்டும் என்றார் டாக்டர்.

சரோஜா வராந்தாவில் மறித்தாள். "அண்ணா, கொஞ்சம் தேறட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்."

"வேணாம்மா. ஒருதரம் மறைச்சதுல மூணு வாரம் போச்சி. வா, சேர்ந்தே சொல்லலாம்."

துணைக்குப் போகிறவர்கள் ரொம்பப் பேர் நோயாளியைத் தவிர எல்லாரிடமும் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். பாதியிலேயே அழுதுவிட்டேன்.

ஏகாம்பரம் முழுசாகக் கேட்டான். பிறகு என் கையைப் பிடித்தான்.

"அழுவாத. ரேடியேஷன் எத்தினி நாளுன்னு கேட்டியா?"

"கேக்கல."

"எழுந்து போய் கேட்டுகினு வா."

போனேன்.