பதின்மூன்றாம் பகுதியில் நான் கொன்ற கொரியாக்காரன்

கொரிய டிவி தொடர் ஒன்றின் கதாநாயகனை, கதை முடிய இன்னும் மூன்று பகுதிகள் இருக்கும்போதே நான் கொன்றுவிட்டேன். என் மனைவி அதை நம்பி ஒரு வாரம் அவனுக்காகத் துக்கப்பட்டாள். எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு காரியம் செய்தவன், செய்தேன் என்று எழுதியாவது வைக்க வேண்டும்.

அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன வருடம் அது. மயிலாப்பூரில், குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. லிஃப்ட் கிடையாது. மூன்று மாதம் படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் லஸ் பக்கம் பூங்காவில் நாலு சுற்று நடந்து, நாலு பேரோடு பேசிவிட்டு வருகிறவள் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கே.கே. நகரில் இருக்கும் எங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, டிவியில் என்னென்னவோ அழுத்தி, "இதைப் பாரும்மா, பொழுது போயிடும்" என்று அந்தத் தொடரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பேச்சு கொரிய மொழியில். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். தமிழ்க் குரல் அப்போது வந்திருக்கவில்லை.

என் மனைவி திண்டிவனத்தில் தமிழ் மீடியத்தில் பதினொன்றாவது வரை படித்தவள். தமிழை என்னைவிட வேகமாகப் படிப்பாள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் திரையில் அடுத்த வரி வந்துவிடும். அதனால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அது புதிய வேலையும் இல்லை. முப்பத்து நாலு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். கல்யாணமான நாளிலிருந்து ஆங்கிலத்தில் எது வந்தாலும் அவள் என்னிடம்தான் நீட்டுவாள். பேங்க் கடிதம், மகளின் பள்ளி ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைத் தாள், எதுவானாலும் "படிச்சுச் சொல்லுங்க" என்பாள். நான் என்ன சொன்னேனோ அதுதான் அந்தக் காகிதத்தில் இருப்பது. ஒருமுறைகூட அவள் சரிபார்த்ததில்லை.

கதை இதுதான். முந்நூறு வருடமாகச் சாகாமல் சியோல் நகரத்தில் அலைகிறான் ஒருவன். மழை பெய்யும்போது மட்டும்தான் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவான். சந்துக்குள் குடை ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு மட்டும் வெயிலிலும் தெரிகிறான். முதல் நாள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "அம்புலிமாமா கதை" என்றேன். "நீங்க படிங்க" என்றாள் அவள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்கு உட்காருவோம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தரையில் உட்கார்ந்துவிடுவாள். அடையாற்றங்கரையில் இருந்த குடும்பம். வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டபிறகும் இரண்டு பஸ் மாறி எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தாள். நாலு மணி பஸ்ஸைத்தான் பிடிப்பாள். அதுவரை கொரியா.

நான் மோசமாகப் படித்தேன். ஆங்கிலம் தெரியாமல் இல்லை, கூச்சம். அந்தத் தொடரில் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசும் பேச்சையெல்லாம் சொந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவன் ஒரு பாலத்தின் மேல் நின்று அவளிடம் நீளமாகப் பேசினான். அத்தனை வருடத்தில் தான் பார்த்த மழையையெல்லாம் வரிசையாகச் சொல்லி, எந்த மழையிலும் நிற்கப் பிடிக்கவில்லை, நீ வந்தபிறகுதான் மேகத்தைத் தேட ஆரம்பித்தேன் என்று ஏதேதோ. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவளைப் பிடிச்சிருக்குங்கறான்" என்றேன்.

கீழே இருந்து குரல் வந்தது. "இன்னா சார் நீ, அவன் பாட்டுக்கு அஞ்சு நிமிஷமா பேசிக்கினு கீறான், நீ ஒரு வார்த்தைல முடிக்கிற? தந்தியா அடிக்கிற?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் கால் வலித்துவிட்டது. "அவர் வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள்.

அந்த மத்தியானங்களை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஜன்னல் திரையை இழுத்துவிட்ட அரையிருட்டு, முழங்காலுக்குத் தடவிய தைல வாசனை, தெருவில் கோலப்பொடிக்காரனின் கூவல், இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்பது. மகள் பிறந்தபிறகு நாங்கள் இருவரும் தினமும் ஒன்றரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் பகுதியில் ஒரு காட்சி. இருவரும் ஒரே குடையில் நடக்கிறார்கள். "அவன் குடையைப் பாருங்க" என்றாள் மனைவி. "முழுக்க அவ பக்கமே சாய்ச்சுப் பிடிச்சிருக்கான். அவன் தோள் பூரா நனையுது." பிறகு வேலைக்கார அம்மாவைப் பார்த்து, வெகு சாதாரணமாக, கல்யாணமான வருடம் தீபாவளிக்குத் துணி எடுக்க நாங்கள் தி. நகர் போன கதையைச் சொன்னாள். உஸ்மான் ரோட்டில் நல்ல மழை. ஒரு குடை. அதைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன், பத்தடி முன்னால், திரும்பிப் பார்க்காமல். பனகல் பார்க் வந்தபிறகுதான் அவள் இல்லை என்று தெரிந்திருக்கிறது. அவள் ஒரு பாத்திரக்கடை வாசலில் நனைந்து நின்றுகொண்டிருந்தாள். "வந்து என்ன சொன்னாரு தெரியுமா? கூட வரத் தெரியாதான்னு திட்டினாரு."

"குடையை நீயே புடிச்சிக்கினு பூட்டியா சார்?" என்று அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள். அதில் கோபமே இல்லை. எனக்குத்தான் காது சுட்டது. அந்த மழை எனக்கு ஞாபகமே இல்லை. அவள் ஐம்பது வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறாள். இப்போது ஒரு கொரியாக்காரன் வந்து, தோளை நனைத்துக்கொண்டு, என்னை என் வீட்டு ஹாலிலேயே தோற்கடித்துவிட்டான்.

மறுநாள் வேலைக்கார அம்மா வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் பதின்மூன்றாம் பகுதியைப் பார்த்தோம். லாரியின் முன்னால் போய்விட்ட அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டு, அவன் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மறைகிறான். இசை ஓங்குகிறது. திரையின் மூலையில் அடுத்த பகுதி தானாகத் தொடங்குவதற்கான எண்கள் ஐந்து, நாலு என்று குறைய ஆரம்பித்தன. நான் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தேன்.

"என்ன, அணைச்சிட்டீங்க?"

"அவ்வளவுதான். முடிஞ்சிடுச்சு."

"செத்துட்டானா?"

"போயிட்டான். கடைசியில அப்படித்தான் போட்டிருக்கான்."

அவள் அணைந்த டிவியைப் பார்த்தபடி, "இவ்வளவு கஷ்டப்பட்டது இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள். அன்று சாயங்காலம் காபி குடிக்கவில்லை. மகளிடம் போனில், "பாவம், அந்தப் பையன் போயிட்டாண்டி" என்று சொன்னது கேட்டது. மகள் அந்தத் தொடரைப் பார்த்தவள் இல்லை. ஆறுதலாக ஏதோ சொன்னாள். அந்த வாரம் முழுக்க என் மனைவி மத்தியானத்தில் படுத்துக்கொண்டாள். நான் கிரிக்கெட் பார்த்தேன். சந்தோஷமாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்தேன்.

பேத்தி பிறந்திருக்கிறாள் என்று ஒரு வாரம் லீவு போட்டிருந்த வேலைக்கார அம்மா திரும்பி வந்தாள். சமையலறையிலிருந்து பேச்சு வந்தது.

"இன்னாக்கா, செத்துப் பூட்டானா? யார் சொன்னது?"

"இவர்தான் படிச்சாரு."

"அய்ய! என் பொண்ணு ஆஸ்பத்திரியில படுத்துக்கினே போன்ல பூரா பாத்துட்டாக்கா. தமிழ்லயே வந்துட்சி. இன்னும் மூணு கீது. சார் இன்னாத்த படிச்சாரு?"

குழாய் ஓடும் சத்தம் நின்றது. என் மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். நான் பேப்பரைத் தாழ்த்தவில்லை. திட்டுவாள், பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"வேற என்னெல்லாம் மாத்திச் சொல்லியிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா விளையாட்டுக்கு."

"இதைக் கேக்கல. இத்தனை வருஷத்துல."

இல்லை என்றேன். மூன்று நாள் இல்லை என்றே இருந்தேன். நாலாம் நாள் காலை, அவள் சாப்பாட்டு மேஜையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது இருக்கும். என் மனைவி தையல் வகுப்பு முடித்து முறையாகச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். அடையாறில் ஒரு பள்ளியில் தையல் டீச்சர் வேலைக்கு மனுப் போட்டாள். மனுவை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். பதில் வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "படிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டினாள். நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, சாயங்காலம் நான் வரும்போது வீடு பூட்டிக் கிடக்குமா என்பதெல்லாம் ஒரு நொடியில் எனக்கு ஓடியது. "வருந்துகிறோம்னு எழுதியிருக்காங்க" என்றேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. இரண்டு மூன்று காய் நறுக்கிவிட்டு, "அன்னிக்கு நான் அழுதேன்" என்றாள்.

"தெரியும்."

"நீங்க எனக்கு ஆறுதல் சொன்னீங்க. லஸ் முனைக்குக் கூட்டிட்டுப் போயி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தீங்க." காயை வழித்துத் தட்டில் போட்டாள். "எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சேன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அதையும் கூச்சத்தோடுதான் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் ஒன்று கற்றுக்கொண்டாள். போன் கேமராவை ஆங்கில எழுத்துக்கு நேராகப் பிடித்தால் தமிழில் காட்டுமாம். அதிலிருந்து மருந்துச் சீட்டு, காஸ் ரசீது, எல்லாவற்றையும் அதைப் பிடித்துத்தான் படித்தாள். சாப்பிடாமல் எடுத்த ரத்தச் சர்க்கரைக்கு அது 'உண்ணாவிரதச் சர்க்கரை' என்று காட்டியது. "அது தப்பு" என்று நான் எட்டிப் பார்த்துச் சொன்னேன். "இருக்கட்டும்" என்றாள். "தப்புத் தப்பாத்தான் சொல்லுது. வேணும்னு சொல்லலையே."

பாக்கி மூன்று பகுதிகளையும் தமிழ்க் குரலில் பார்க்க அவளும் வேலைக்கார அம்மாவும் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே கட்டிலில் இருந்தேன். "வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டாள். "ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். கொரியாக்காரன் மேடைத் தமிழ் பேசினான், வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் அவன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பதின்மூன்று பகுதிகளிலும் என் கண் திரையின் அடியில் ஓடும் எழுத்தில்தான் இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எல்லாம் மறந்துபோய், எப்படியோ திரும்பி வந்து கடையில் நிற்கும் அவனிடம் "என்ன ரிப்பேர்?" என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்வதற்கு முன் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. எழுத்தே வராத அந்த இடங்களில்தான் நான் வழக்கமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வேன், வாட்சைப் பார்ப்பேன். என் மனைவி இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். சாகாதவனும் மழையும் அவளுக்கு ஒரு சாக்கு. ஒருவன் எதிரில் இருப்பவளை அவசரமில்லாமல் முழுசாகப் பார்க்கிறான், அவ்வளவுதான் அந்தத் தொடர். அம்புலிமாமா கதை என்று நான் சொன்னது எவ்வளவு அபத்தம்.

மூன்றாம் நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது, முடிவு நன்றாகவே இருந்தது. வேலைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அவள் இப்போது படி இறங்குகிறாள், பூங்காவுக்குப் போகிறாள். மத்தியானம் இன்னொரு கொரியத் தொடர் ஓடுகிறது. இதில் ஒரு பெண் கடலுக்கடியிலிருந்து வந்திருக்கிறாள். இதற்குத் தமிழ்க் குரல் இல்லை. தொடங்கிய அன்று அவள் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க. நான் இதுல பாத்துக்கறேன்" என்றாள். ஒவ்வொரு வரியையும் முழுதாகச் சொல்கிறேன், கூச்சப்பட வேண்டியதையும் சேர்த்து. சந்தேகம் வந்தால் திரையை நிறுத்திப் போனைத் தூக்குவாள். அந்த உரிமை அவளுக்கு இருக்கிறது. அவள் பார்த்து முடிக்கும்வரை நான் காத்திருப்பேன். அந்தப் பள்ளி இருக்கும் அடையாறு வழியாகப் போகும் பஸ்ஸில் இன்னும் அவள் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

சில நாள் போனைத் தூக்க மறந்துவிடுகிறாள். அப்போதுதான் எனக்குப் பயம். நேற்று அது முழு நேரமும் அவள் மடியில் கவிழ்ந்தே கிடந்தது. மீன் விற்கும் கிழவர் ஒருவர் கடல்காரியிடம் அவரைக்கொட்டையையும் பழைய செருப்பையும் வைத்து ஏதோ பழமொழி சொன்னார். ஆங்கில எழுத்தில் அது தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் இருந்தது. முன்பு என்றால் நானாக ஒன்றைக் கட்டிச் சொல்லியிருப்பேன்.

"என்ன சொல்றாரு?" என்றாள்.

"எனக்குப் புரியலை" என்றேன்.

"சரி, விடுங்க. மேல ஓடட்டும்" என்றாள்.