நான் நம்பாத அத்தியாயம்

எனக்கு மாய உலக நாவல்கள் பிடிக்கும் என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவள், ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள், ரயிலில் டிராகன் படம் போட்ட புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். பிடிக்கும் என்பதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறவளும் இல்லை நான். சமீபத்தில் படித்ததில் பாதிக்கு மேல் எரிச்சல்தான். ஊர் பேர் தெரியாத அநாதைப் பையன் ஒருவன் இருப்பான். உலகத்தைக் காப்பாற்றப் பிறந்தவன் நீதான் என்று யாராவது வந்து சொல்வார்கள். அதற்குப் பிறகு மூன்று பாகத்துக்கு நடை. காடு, மலை, பனி எல்லாம் கடப்பார்கள், யாருக்கும் ஒரு நாள்கூட வயிறு சரியில்லாமல் போகாது. எந்தச் சத்திரத்தில் இறங்கினாலும் அதே இறைச்சிக் குழம்பு, அதே காய்ந்த ரொட்டி. இவ்வளவு மந்திரம் தெரிந்தவர்களுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியவில்லை.

கொடுங்கோல் நகரங்களைப் பற்றிய நாவல்கள், டிஸ்டோப்பியா என்கிறார்களே, அவற்றோடு எனக்கு வேறு சண்டை. எல்லாரும் சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஒரே மாதிரி அடுக்குமாடிகளில் இருப்பார்கள். ஒலிபெருக்கி ஓயாமல் புத்தி சொல்லும். படிக்கிறவர்கள் நடுங்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்தே எண் போட்ட அடுக்குமாடி புளோக்கில்தான் இருக்கிறேன். ரயிலில் நாலு மொழியில் எச்சரிக்கை கேட்டே வளர்ந்தேன். நடுக்கமெல்லாம் வரவில்லை, தூக்கம்தான் வருகிறது.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கவும் மறுத்துப் பேசவும் எனக்கு ஒருத்தி இருந்தாள். இப்போது அவள் திருச்சியில் இருக்கிறாள்.

சுவா சூ காங் நூலகத்தில்தான் அவளைப் பார்த்தேன். நான் முன்பதிவு செய்து காத்திருந்த இரண்டாம் பாகத்தை இயந்திரத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளாக வைத்திருந்தது நீதானா என்று கேட்டேன். பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம், முடிவு மட்டமாக இருக்கும், எதிர்பார்க்காதீங்க என்றாள். அன்றே பிடித்துப்போயிற்று. அவள் கணவர் கப்பல் பட்டறையில் என்ஜினியர். புக்கிட் பாஞ்சாங்கில் வாடகை வீடு. இங்கே தங்கி வேலை பார்க்கக் கணவருக்குக் கொடுத்த அனுமதி பாஸில்தான் அவள் பாஸும் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடையது புதுப்பிக்கப்பட்டால் இவளும் இருக்கலாம், இல்லையென்றால் பிள்ளையோடு மூவரும் கிளம்ப வேண்டும். இதை அவள் முதல் மாதமே சொல்லிவிட்டாள். எனக்கு மண்டையில் ஏறவில்லை. மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரி. பாஸைப் புதுப்பிப்பது என்றால் ரயில் கார்டில் காசு ஏற்றுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் இருவரும் சுவா சூ காங்கில் எல்ஆர்டி ஏறுவோம். அந்தச் சின்ன ரயில் புக்கிட் பாஞ்சாங்கை ஒரு வளையம் சுற்றிவிட்டு ஏறிய இடத்துக்கே திரும்பி வரும். எங்கள் விமர்சனக் கூட்டம் அதற்குள்தான். காப்பிக் கடையில் இடம் பிடிக்க வேண்டாம், கணவன்மார் நடுவில் வந்து எப்போ சாப்பாடு என்று கேட்க மாட்டார்கள். வீடுகளுக்குப் பக்கத்தில் போகும்போது ரயிலின் ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும், உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக. இந்த ஒரு மந்திரத்தை எந்த நாவல்காரரும் யோசிக்கவில்லையே என்று அவள் ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

புத்தகத்தின் முன்னால் வரும் வரைபடத்தை நான் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவள் அதை வைத்துக்கொண்டு, ஆறு இங்கே ஓடுகிறது, அப்படியானால் இவர்கள் எப்படி ஒரே நாளில் அந்தக் கோட்டைக்குப் போனார்கள் என்று வழக்குப் போடுவாள். வில்லிகளுக்கு எப்போதும் அவள் பக்கத்தில் இடம் உண்டு. எனக்குக் கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிட வேண்டும். அவளுக்கு அப்படி முடிந்தால் கோபம் வரும். திரும்புகிறவர்கள் பழைய வீட்டில் பழைய மாதிரி இருக்க முடியுமா என்பாள்.

போன வருடம் ஒரு நாவல் படித்தோம். அதில் வரும் நகரத்தில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு விளக்கு எரியும். வருடா வருடம் அதை ஏற்றிக் கொடுப்பார்கள். ஏற்றாவிட்டால் குடும்பத்தோடு நகரத்து வாசலுக்கு வெளியே போய்விட வேண்டும். ஒரு வீட்டில் விளக்கு அணைந்துவிடுகிறது. அந்த வீட்டு அம்மா அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. தரையைத் துடைக்கிறாள், அடுப்பைத் தேய்க்கிறாள், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவி அவர்கள் வாசலில் வைக்கிறாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

அந்தச் சனிக்கிழமை நான் ரயிலில் அந்த அத்தியாயத்தைக் கிழி கிழியென்று கிழித்தேன். எழுதியவருக்கு மனுஷர்களையே தெரியாது என்றேன். துரத்துகிறவர்களுக்காக யாராவது தரையைத் துடைத்துக் கொடுப்பார்களா?

"அப்படிலாம் யாரும் சும்மா போக மாட்டாங்க லா," என்றேன். "நான்னா ஒரு சத்தமாவது போட்டிருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடி மங்கித் தெளியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படித்தான்க்கா போவாங்க. யார்கிட்டப் போய் கத்துறது? வீட்டக் கூட்டித் தொடச்சு வச்சுட்டுப் போனா, நல்ல மனுஷங்க இருந்தாங்கன்னாவது சொல்லுவாங்க. அந்த புக்லயே அது ஒண்ணுதான் உண்மை."

நான் விடவில்லை. இறங்கும்வரை வாதாடினேன். கணவரின் பட்டறையில் ஆள் குறைக்கிறார்கள் என்று அவளுக்கு அந்த வாரமே தெரிந்திருந்தது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு சுற்றையாவது நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாம். அவள் சொல்ல வந்ததைச் சொல்ல இடம் கொடுத்திருக்கலாம். இதை நினைக்காத சனிக்கிழமை இல்லை.

பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. சில வாரங்களுக்குள் கிளம்ப வேண்டும். தேக்காவில் ஊருக்குச் சாமான் அனுப்பும் ஒரு கார்கோ கடையில் பெட்டி போட்டார்கள். ரைஸ் குக்கரும் போர்வைகளும் பிள்ளையின் சைக்கிளும் அதில் போயின. கடைக்காரர் பெட்டியை டேப் போட்டு ஒட்டும்போது நானும் நின்றுகொண்டிருந்தேன். அவள் விலையைப் பேசிக் குறைத்தாள், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைக்காமல் பிடித்துக்கொண்டாள். அழுதது நான்தான், அதுவும் டீ சூடு என்று சாக்குச் சொல்லிக்கொண்டு.

வாடகை வீட்டை ஒப்படைப்பதென்றால் இங்கே சும்மா இல்லை. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை அடைக்க வேண்டும், ஏர்கானைச் சுத்தம் செய்து ரசீது காட்ட வேண்டும், கிச்சன் டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. ஏஜென்ட் போனோடு வந்து ஒவ்வொரு மூலையையும் படம் எடுப்பார். கடைசி நாள் உதவிக்குப் போனேன். அவள் தரையைத் துடைத்தாள். அடுப்படியை நான் தேய்த்தேன். சத்தமாவது போட்டிருப்பேன் என்று சொன்னவள், கையில் ஸ்பாஞ்சோடு, மூச்சு விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் வந்து பார்த்துவிட்டு ரொம்ப நல்ல டெனன்ட் என்று பாராட்டினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அத்தியாயம் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

கீழே டாக்சி நிற்கும்போது என் எவர்சில்வர் டப்பாவைக் கையில் கொடுத்தாள். எப்போதோ நான் புளிக்குழம்பு கொடுத்தனுப்பியது. கனமாக இருந்தது. திறந்தால் மூடிவரை சீனி. வீட்டில் வேற எதுவுமே மிச்சமில்லைக்கா, சும்மா எப்படிக் குடுக்கறது என்றாள்.

இப்போது வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். அவளுடைய நூலகக் கணக்கு பாஸோடு போய்விட்டது. மாமியார் வீட்டில் படிக்க நேரமும் இல்லையாம். புதிதாக வந்த பாகங்களைப் பற்றி நான் மட்டும் பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன். ரெண்டு நாள் கழித்து ஒரு சிரிப்புப் பொம்மை வரும். மறுத்துப் பேசுவதில்லை. எல்ஆர்டியில் தனியாக ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். அவள் புளோக் வரும்போது கண்ணாடி மங்கிவிட்டது.

அந்த நாவலை நூலகத்திலிருந்து மறுபடி எடுத்து அந்த அத்தியாயத்தை மட்டும் படித்தேன். எழுதியவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. துடைத்த தரை, தேய்த்த அடுப்பு, கத்தாத வாய், எல்லாம் சரி. ஒரே ஒரு இடத்தில்தான் இன்னும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அம்மா பாத்திரத்தை வெறுமையாக வைத்துவிட்டுப் போகிறாள். அப்படிச் செய்ய மாட்டார்கள். விளக்கே அணைந்தாலும் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

எங்கள் வழக்கப்படி இனி அந்த டப்பாவை நிரப்பிக் கொடுத்தனுப்ப வேண்டியது என் முறை. கொடுத்தனுப்ப அந்த வீட்டில்தான் அவள் இல்லை.