டயரியில் இல்லாத மின்வெட்டு

மேல் வீட்டில் கத்தல் நின்றுவிட்டதை நான் கவனித்தது 2000 நவம்பரில். அந்த வாரத்து டயரியில் ஏழு நாளும் ஒரே வரிதான் இருக்கிறது: ‘மேலே சத்தமில்லை.’ எட்டாம் நாள் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

அப்போது தில்லி மயூர் விஹாரில், ஒரு கூட்டுறவுச் சங்கக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருந்தோம். மெட்ரோ வராத காலம். காலையில் சார்ட்டர்ட் பஸ் பிடித்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போய் மாலையில் திரும்புவேன். திரும்பியதும் டயரி. பனிமூட்டம், பஸ் தாமதமான நிமிடங்கள், படித்து முடித்த புத்தகம், கரண்ட் போன நேரம், வந்த நேரம் எல்லாம் எழுதுவேன். “இதெல்லாம் யாருக்குங்க?” என்று மனைவி கேட்பாள். எனக்கும் தெரியாது.

மூன்றாம் மாடிக் குடும்பமும் தமிழர்கள்தான். மகள் தில்லியிலேயே பிறந்தவள்; இருபத்தைந்து வயதிருக்கும். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான்கு பெண்கள் சேர்ந்து நடத்திய பேண்டில் அவள்தான் பாடகி. பாடகி என்றதும் தம்புராவைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவர்கள் வாசித்தது பங்க் என்கிற மேற்கத்திய ராக் இசை. அது என்ன என்று ஒருமுறை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன்.

“நல்லா வாசிக்கக் கத்துக்கிட்டு அப்புறம் மேடை ஏறலாம்னு இருந்தா, பொண்ணுங்க எவளுமே ஏற மாட்டா அங்கிள். கோவம் இருக்கா? கிடார்ல மூணு கார்ட் தெரியுமா? ஏறிடணும். அவ்ளோதான்.”

எனக்குக் கேட்டுப் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. ஒரு கல்லூரி விழாவில் அவர்கள் வாசித்தபோது யாரிடமும் சொல்லாமல் போய்ப் பின்வரிசையில் நின்றேன். அவர்களுடைய முக்கியமான பாட்டில் ஒரே ஒரு சொல்தான்: ‘ஹட்.’ பஸ்ஸில் நெரிசலைச் சாக்காக வைத்து உரசுகிறவனிடம் தில்லிப் பெண்கள் சொல்லும் சொல். தள்ளிப் போடா என்று அர்த்தம். அதை அவள் முப்பத்தொன்பது தடவை கத்தினாள். எண்ணினேன். முதல் பத்தில் காது வலித்தது. இருபதைத் தாண்டியபோது முன்வரிசையிலிருந்த பெண்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது மறந்துபோய்விட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன். ஏன் அப்படி நிற்கிறேன் என்று நிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் யோசித்தேன்.

அப்படிப்பட்டவளுடைய சத்தம்தான் நின்றிருந்தது. கேள்விக்குறி போட்ட மறுநாள் படியில் பார்த்துக் கேட்டேன். பாதிக் குரலில் பதில் வந்தது.

“குரல்ல முடிச்சு விழுந்திருக்காம் அங்கிள். இனிமே கத்தினா பேச்சும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. டிரம்ஸ் வாசிக்கறவ கனடா போயிட்டா. கிடார் பெங்களூர்ல. பேண்ட் கதம், முடிஞ்சுபோச்சு. அப்பாக்கு மட்டும் ரொம்ப குஷி.”

“இப்ப என்ன செய்யறே?”

“ஒரு கம்ப்யூட்டர் சேர்த்திருக்கேன். வந்து பாருங்க.”

அன்று மாலையே போனேன். பழைய பெட்டிகளிலிருந்து பிடுங்கிய பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணினி அது. பக்கவாட்டு மூடிகூட இல்லை. திரையில் கலர் கலராகப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒரு பட்டை டிரம்ஸ், ஒன்று வீணைத்தந்தி அறுந்தாற்போல ஒரு ஒலி, இன்னொன்று எங்கள் கட்டட லிஃப்ட்டின் கதவு. லிஃப்ட் கதவை என்னால் உடனே கண்டுபிடிக்க முடிந்தது. அவளுக்கு அதில் சந்தோஷம்.

“இதுல பாட்டு எங்கேம்மா?” என்று கேட்டேன்.

“அதைத்தான் நானும் தேடிட்டிருக்கேன்.”

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது மேலே போனேன். எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. முப்பத்தொன்பது தடவை கத்தி ஒரு கூட்டத்தையே கத்தவைத்தவள், ஒரு மேஜைமுன் தனியாக உட்கார்ந்து, சுட்டியை அரை அங்குலம் நகர்த்தி நகர்த்தி என்ன செய்கிறாள்? அந்தக் கோபம் எங்கே போனது? கேட்டால், “தெரியல அங்கிள். கத்தாம கோவப்பட முடியுமான்னு பாக்கறேன்,” என்பாள்.

ஏப்ரலில் செய்தி வந்தது. மண்டி ஹவுஸ் பக்கம் ஒரு சிறிய அரங்கில், மே மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை, அரை மணி நேர நிகழ்ச்சி, அவளுக்கு மட்டும். பேண்டாக இருந்தபோது கேட்டவர்களெல்லாம் வருவார்களாம்.

“அன்னிக்கு சரியா வரலேன்னா நிறுத்திடப் போறேன். அப்பா பி.எட். ஃபாரம் வாங்கி டிவி மேல வெச்சிருக்காரு. நிரப்பிக் குடுத்துடுவேன். நிஜமா.”

வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. எல்லாப் பட்டைகளையும் கலந்து ஒரே கோப்பாக்கி, அதை சி.டி.யில் ஏற்ற வேண்டும். அந்தக் கணினிக்கு அதற்கு முழுதாக இரண்டு மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போகக் கூடாது. யமுனைக்கு இந்தப் பக்கம் கோடையில் அது சாதாரண ஆசையல்ல. அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு விசிறியையும் ஒரு டியூப்லைட்டையும்தான் தாங்கும். கணினியைச் செருகினால் கூவத் தொடங்கிவிடும்.

“கரண்ட் எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்?” என்றாள்.

இருபது வருட டயரி எழுத்தில் என்னை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கீழே இறங்கி வந்து மூன்று கோடைகளின் டயரிகளை எடுத்தேன். ஃபுல்ஸ்கேப் தாளில் கட்டம் போட்டு, கிழமை, போன நேரம், வந்த நேரம் என்று இரண்டு மாலைகள் உட்கார்ந்து எழுதினேன். வாரநாட்களில் ஒழுங்கே இல்லை. சனிக்கிழமை மோசம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மதியம் இரண்டிலிருந்து மாலை ஆறுவரை சுத்தமாக இருந்தது. மூன்று வருடத்தில் ஒரு மின்வெட்டுகூட இல்லை.

“பக்காவா அங்கிள்? ஞாயித்துக்கிழமை மதியம் நானும் வீட்ல இருக்கறதில்ல.”

“நான் சொல்லலம்மா, டயரி சொல்லுது,” என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

நிகழ்ச்சிக்கு முந்தைய ஞாயிறு. மதியம் இரண்டரைக்கு அவள் கணினியை ஓடவிட்டாள். நான் வழக்கம்போல் தர்யாகஞ்ச் நடைபாதைப் புத்தகக் கடைகளுக்குக் கிளம்பினேன். அட்டை கிழிந்த ஒரு பழைய ரயில்வே கால அட்டவணை கிடைத்தது. திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே படித்துக்கொண்டு வந்தேன். ஆறேகாலுக்கு மாடிப்படி ஏறியபோது எங்கள் வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் என் மனைவி கொடுத்த மோர். தொடாமல் வைத்திருந்தாள்.

“மூணு அஞ்சுக்குப் போச்சு அங்கிள். இப்பத்தான் வந்தது. கம்ப்யூட்டர் ஆன் ஆகல. உள்ள என்னமோ கரகரன்னு அரைக்குது. எல்லாம் போச்சு.”

“எப்படி? ஞாயித்துக்கிழமை போகாதே!”

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். “யார் சொன்னா போகாதுன்னு? ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குப் போனா அஞ்சரைக்குக் குறைஞ்சு வராது. வருஷக்கணக்கா அப்படித்தான். வாஷிங் மெஷின் பாதியில நின்னுடும்னு ரெண்டரைக்குள்ள துணியை முடிச்சுடுவேன். உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் புஸ்தகம் பொறுக்கப் போயிடறீங்களே.”

நான் டயரியைப் புரட்டினேன். ஞாயிறு: ‘தர்யாகஞ்ச். மூன்று புத்தகங்கள்.’ அடுத்த ஞாயிறு: ‘தர்யாகஞ்ச். வெயில் அதிகம். ஒன்றும் அகப்படவில்லை.’ கட்டம் சுத்தமாக இருந்தது கரண்ட் இருந்ததால் அல்ல. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். தமிழ் படிக்க வராது என்றாலும் விஷயம் புரிந்துவிட்டது. சிரித்தாள், குரல் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சிரிப்பு நின்றது.

“ஆன்ட்டி இங்கதானே இருந்தாங்க அங்கிள். அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அது அவங்க வீட்டு கரண்ட் இல்லையா?”

மோர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டாள். ஃபாரம் டிவி மேல் இருப்பது என் நினைவுக்கு வந்தது. அன்றைய டயரியில் நான் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் எங்கள் சமையலறையில் இருந்தாள். பாட்டரியில் ஓடும் கைக்கடக்கமான டேப் ரெகார்டர் ஒன்றை மிக்ஸியின் பக்கத்தில் வைத்திருந்தாள்.

“நேத்து அங்கிளைத் திட்டினீங்கள்ல ஆன்ட்டி, அதை மறுபடி சொல்லுங்க.”

“அவரைத் திட்டறதுக்கு டேப் எதுக்குடி? நேராவே திட்டுவேன்.”

“திட்டு வேணாம். ஞாயித்துக்கிழமை என்னென்ன செய்வீங்க, மணி வாரியா.”

மனைவி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ரேஷன் கடையில் விவரம் சொல்வதுபோலச் சொன்னாள். “ஒண்ணரைக்குப் பாத்திரம். ஒண்ணேமுக்காலுக்குத் துணி போடுவேன். ரெண்டரைக்கு எடுத்துடணும். மூணுக்குக் கரண்ட் போயிடும். அப்புறம் உக்காந்திருப்பேன்.”

“உக்காந்து?”

“உக்காந்துதான். விசிறிக்கிட்டு. வேற என்ன?”

இதை எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. ஆனால் அந்த வாரம் கேட்கும் தைரியம் இல்லை. மாலையில் கரண்ட் போகும்போதெல்லாம் அவள் பால்கனியில் டேப்புடன் நிற்பதைக் கீழிருந்து பார்த்தேன். போகும்போது எல்லா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளும் ஒன்றாக உறுமி அடங்கும். வரும்போது, அது தில்லியில் இருந்தவர்களுக்குத் தெரியும், எல்லாக் கட்டடங்களிலிருந்தும் ஒரே குரல் கிளம்பும்: “ஆ கயீ!” வந்துவிட்டது என்று. குழந்தைகள், பாட்டிகள், கடைக்காரர்கள் எல்லோரும். வியாழக்கிழமை அவளுடைய தோழி ஒருத்தி, முன்பு பிரதி எடுத்து வைத்திருந்த அவளுடைய பழைய உருப்படிகளோடு தன் கணினியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மாலை நானும் மனைவியும் போனோம். அறுபது எழுபது பேர் இருக்கும். பாதிப் பேர் பழைய ரசிகர்கள். அவள் தனியாக மேஜைக்குப் பின்னால் வந்து நின்றதுமே “ஹட்! ஹட்!” என்று கேட்கத் தொடங்கினார்கள். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கடைசி உருப்படிதான் புதிது. முதலில் ஒரு ஸ்டெபிலைசரின் ரீங்காரம், மிகத் தாழ்வாக. அதன்மேல் ஒரு தாளம். எங்கள் வாஷிங் மெஷின்தான். பிறகு என் மனைவியின் குரல். “ஒண்ணரைக்குப் பாத்திரம்.” பக்கத்தில் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். “ரெண்டரைக்கு எடுத்துடணும்.” அது திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு முறையும் தாளம் கொஞ்சம் நெருங்கியது. முதலில் சில பேர் சிரித்தார்கள். ஐந்தாம் முறை யாரும் சிரிக்கவில்லை. “மூணுக்குக் கரண்ட் போயிடும். அப்புறம் உக்காந்திருப்பேன்.”

எல்லாம் நின்றது.

மறுபடியும் கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது வினாடிக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ செருமினார்கள். அப்போது ஒலிபெருக்கிகளிலிருந்து எங்கள் குடியிருப்பு முழுவதும் கத்தியது: “ஆ கயீ!” அடுக்கடுக்காக, தாளத்தோடு, மறுபடி, மறுபடி. அரங்கில் இருந்தவர்களுக்கும் அது பழக்கமான கத்தல்தானே. மூன்றாவது முறை அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் கத்தவில்லை. சத்தமெல்லாம் அடங்கியபின் மைக்கிற்கு அருகே வந்து, படியில் என்னிடம் பேசும் அதே பாதிக் குரலில், “ஹட்” என்றாள். ஒரே ஒரு தடவை.

வெளியே வந்தபோது ஒரு பெண் குரலை வைத்து என் மனைவியை அடையாளம் கண்டு, அந்தத் தமிழ் வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று இந்தியில் கேட்டாள். “கப்டா தோனே கா டைம்,” என்றாள் மனைவி. துணி துவைக்கும் நேரம். கேட்டவள் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. நான் எங்கும் போவதில்லை என்று முடிவு செய்து, டயரியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டே முக்காலுக்கு அவள் டேப்புடன் வந்தாள். இன்னொரு கையில் பி.எட். ஃபாரம். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல்: குக்கர் வால்வு, துணிக்கொடி, ஆன்ட்டியின் வளையல்.

“அங்கிள், தர்யாகஞ்ச் போகலையா?”

“இன்னிக்கு வீட்லயே இருந்து பாக்கலாம்னு…”

“நீங்க பக்கம் புரட்டற சத்தம் டேப்ல விழும். ப்ளீஸ், ஜல்தி கிளம்புங்களேன்.”

சமையலறையில் மனைவி சிரிப்பது கேட்டது. டயரியையும் பேனாவையும் மனைவியிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் என் கையெழுத்தில் இல்லை. ‘3.10 போனது. 5.40 வந்தது. நடுவில் நாங்கள் வேலை செய்தோம்.’